அடிபட்டதை ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்வது எப்படி

காலில் அடிபட்டால் தமிழில் "காலில் அடிபட்டுவிட்டது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். விழுந்ததாலா, இடித்ததாலா, மடங்கியதாலா, ஏதேனும் மேலே விழுந்ததாலா என்பதையெல்லாம் கேட்பவர் அடுத்தடுத்த கேள்விகளில் தெரிந்துகொள்வார். இந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் நிறுத்தி "மை லெக் காட் ஹிட்" என்றோ "ஐ காட் இஞ்சர்ட் இன் மை லெக்" என்றோ சொன்னால் பொருள் விளங்கும். ஆனால் அந்த மொழியிலேயே வளர்ந்தவர் எவரும் இப்படிப் பேசுவதில்லை. "அடி" என்ற ஒற்றைச் சொல் தமிழில் சுமக்கும் வேலையை ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதும், காயம்பட்டவரை எழுவாயாக நிறுத்தும் வழக்கம் அங்கே மிக வலுவாக இருக்கிறது என்பதும்தான் இதற்குக் காரணம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான வாக்கியங்கள் தாமாகவே சரியாக அமைந்துவிடும். ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் ஒலிப்பும் கூடவே பழகும்.

"படு" வேண்டாம், "கொள்" வேண்டும்

தமிழில் காயத்தைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. "கை உடைந்துவிட்டது", "காலில் காயம்பட்டது" என்று உறுப்பையோ காயத்தையோ எழுவாயாக்குவது ஒன்று. "விரலை வெட்டிக்கொண்டேன்", "நாக்கைச் சுட்டுக்கொண்டேன்", "கையை ஒடித்துக்கொண்டான்" என்று ஆளையே எழுவாயாக்கி, "கொள்" என்ற துணைவினையைச் சேர்ப்பது மற்றொன்று. நம் பேச்சில் முதல் வழி அதிகம். ஆங்கிலத்திலோ இரண்டாவது வழிதான் இயல்பானது. ஆகவே ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன், மனத்தில் இருக்கும் தமிழ் வாக்கியத்தைப் "படு" வடிவிலிருந்து "கொள்" வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "காலில் அடிபட்டது" என்பதைக் "காலை அடிபடுத்திக்கொண்டேன்" என்று மனத்துக்குள் திருப்பினால், தமிழில் அது சற்றுக் கோணலாக ஒலித்தாலும், "ஐ ஹர்ட் மை லெக்" என்ற சரியான ஆங்கில வாக்கியம் அதிலிருந்து நேரே வந்துவிடும்.

இந்த அமைப்பில் ஆள், வினை, "மை" அல்லது "ஹிஸ்" அல்லது "ஹர்", அதன்பின் உறுப்பு என்ற வரிசை மாறுவதே இல்லை. "ஐ ப்ரோக் மை ஆர்ம்" (கையை ஒடித்துக்கொண்டேன்), "ஷி கட் ஹர் ஃபிங்கர்" (விரலை வெட்டிக்கொண்டாள்), "ஹி பர்ன்ட் ஹிஸ் டங்" (நாக்கைச் சுட்டுக்கொண்டான்). இவற்றைக் கேட்கும் நமக்கு, அவர்கள் வேண்டுமென்றே செய்துகொண்டதைப் போல ஒரு நெருடல் தோன்றலாம். ஆங்கிலக் காதுக்கு அப்படித் தோன்றாது. தற்செயலாக நடந்தது என்பதே இயல்பான பொருள். வேண்டுமென்றே செய்தது என்றால்தான் "ஆன் பர்ப்பஸ்" என்றோ "டெலிபரேட்லி" என்றோ தனியே சேர்த்துச் சொல்வார்கள்.

உறுப்பின் பெயருக்கு முன்னால் வரும் "மை", "ஹிஸ்", "ஹர்" ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. தமிழில் "கை வலிக்கிறது" என்றால் யாருடைய கை என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் "ஐ ப்ரோக் த ஆர்ம்" என்று சொன்னால், நாற்காலியின் கையையோ வேறெதன் கையையோ உடைத்துவிட்டதாகத்தான் கேட்பவர் நினைப்பார்.

ஆனால் வெளியிலிருந்து ஒருவரோ ஒரு பொருளோ வந்து தாக்கும்போது இந்த வழக்கம் தலைகீழாகிறது. "பந்து என் முகத்தில் பட்டது" என்பதற்கு "த பால் ஹிட் மி இன் த ஃபேஸ்" என்பார்கள். அடிபட்ட ஆள் முதலில் வருகிறார். உறுப்பு பின்னால் "த" என்ற சொல்லுடன் வருகிறது. "ஹி ஹிட் மி ஆன் த ஹெட்", "சம்திங் ஹிட் ஹர் இன் தி ஐ" போன்றவையும் இதே அச்சுதான். முகம், கண், வயிறு, மார்பு ஆகியவற்றுக்கு "இன்" வருகிறது. தலை, தோள், கை, முழங்கால் போன்றவற்றுக்கு "ஆன்" வருகிறது. மெத்தென்று உள்வாங்கும் இடங்களுக்கு "இன்", கெட்டியான மேற்பரப்புகளுக்கு "ஆன்" என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. உடலுக்குள் துளைத்துச் செல்லும் குண்டுக்கு எந்த உறுப்பானாலும் "இன்" தான்: "ஹி வாஸ் ஷாட் இன் த லெக்".

தமிழின் "படு" வடிவத்துக்கு ஆங்கிலத்தில் இடமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். செய்தவர் அல்லது செய்தது வெளியே இருந்தால் செயப்பாட்டு வினை முற்றிலும் இயல்பானது: "ஹி வாஸ் ஹிட் பை எ கார்", "ஐ காட் ஸ்டங் பை எ பீ", "ஷி வாஸ் பிட்டன் பை எ டாக்". கொட்டுவதற்கும் கடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியம். தேனீ, குளவி, தேள் ஆகியவை "ஸ்டிங்" செய்யும். நாய், பாம்பு, கொசு ஆகியவை "பைட்" செய்யும். கொசு கடித்த தடிப்புக்குக்கூட "மஸ்கிட்டோ பைட்" என்றுதான் பெயர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. "ஐ ஹேட் மை ஆர்ம் ப்ரோக்கன்" என்றால், வேறொருவர் வந்து கையை உடைத்துவிட்டார் என்ற சாயல் வந்துவிடும். "எனக்குக் கை உடைந்திருக்கிறது" என்ற நிலையைச் சொல்ல "ஐ ஹேவ் எ ப்ரோக்கன் ஆர்ம்" என்பதே சரி. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், வரிசை மாறியதும் கதையே மாறிவிடுகிறது.

ஹர்ட், இஞ்சர்ட், வூண்டட்

பாடநூல்களில் படித்தவர்கள் அன்றாடப் பேச்சிலும் "இஞ்சர்ட்" என்ற சொல்லையே தேடிப் போகிறார்கள். அது தவறில்லை; ஆனால் வீட்டுப் பேச்சில் அது செய்தி வாசிப்பதைப் போல ஒலிக்கும். பேச்சில் அரசோச்சுவது "ஹர்ட்" என்ற எளிய சொல்லே. "இஞ்சர்ட்" என்பது செய்தி, விளையாட்டு, அறிக்கை ஆகியவற்றுக்கு உரியது. ஒரு விளையாட்டு வீரர் ஆட முடியாத நிலையில் இருந்தால் "ஹி இஸ் இஞ்சர்ட்" என்பார்கள். "வூண்டட்" என்றால் கத்தி, துப்பாக்கி, வெடிகுண்டு போன்றவற்றால் பட்ட காயம். போர்க்களமும் தாக்குதலும்தான் அதன் இடம். படியில் தடுக்கி விழுந்தவரை "வூண்டட்" என்று சொன்னால், கேட்பவர் ஒரு கணம் திடுக்கிடுவார். இருந்தாலும், தோல் கிழிந்து திறந்திருக்கும் புண்ணை மருத்துவரும் செவிலியரும் "வூண்ட்" என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வது வழக்கம். "கீப் த வூண்ட் க்ளீன்" என்று அவர்கள் சொல்வதில் போர் எதுவும் இல்லை. "டேமேஜ்ட்" என்பது பொருள்களுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் உரியது, ஆளுக்குப் பொருந்தாது.

"ஹர்ட்" என்ற இந்த ஒரே சொல்லிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன, மூன்றும் ஒன்றல்ல. விபத்து நடந்த இடத்துக்கு ஓடிவருபவர் "ஆர் யூ ஹர்ட்?" என்று கேட்கிறார், காயம் ஏதேனும் உண்டா என்பது பொருள். ஓடியாடும் குழந்தை விழுந்ததும் "டிட் யூ ஹர்ட் யுவர்செல்ஃப்?" என்று கேட்பார்கள், விழுந்ததில் அடிபட்டதா என்பது பொருள். ஓர் இடத்தைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் "டஸ் இட் ஹர்ட்?" என்கிறார், வலிக்கிறதா என்பது பொருள். மேலும், எந்த விபத்தும் நிகழாத சூழலில் "ஐ அம் ஹர்ட்" என்று மட்டும் சொன்னால், மனம் புண்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. ஆகவே உறுப்பைச் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பு.

"பெய்ன்" என்பதை வினையாக்கி "மை லெக் இஸ் பெய்னிங்" என்று சொல்வது நம்மிடையே மிகப் பரவலாக உள்ளது. இன்றைய ஆங்கிலத்தில் உடல்வலிக்கு இப்படிச் சொல்வது இயல்பன்று. "மை லெக் ஹர்ட்ஸ்" அல்லது "மை லெக் இஸ் ஹர்ட்டிங்" என்பதே போதும். "பெய்ன்" பெயர்ச்சொல்லாக வரும் இடங்கள் வேறு: "ஐ ஹேவ் எ பெய்ன் இன் மை செஸ்ட்", "ஹி இஸ் இன் எ லாட் ஆஃப் பெய்ன்". கடுமையான வலியை "ஹெவி பெய்ன்" என்று சொல்லக் கூடாது. "சிவியர் பெய்ன்", "டெரிபிள் பெய்ன்", "பேட் பெய்ன்" என்று சொல்லலாம். ரத்தப்போக்குக்கோ "ஹெவி ப்ளீடிங்" என்பதுதான் சரி. எந்த அடைமொழி எந்தப் பெயருடன் சேரும் என்பதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த உறுப்பு என்பதைத் துல்லியமாகச் சொல்லுதல்

தமிழில் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே "கை". இடுப்புக்குக் கீழே பாதம் வரை எல்லாமே "கால்". ஆங்கிலத்தில் மணிக்கட்டு ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேலே "ஆர்ம்", கீழே "ஹேண்ட்". கணுக்கால் மற்றோர் எல்லைக்கோடு. மேலே "லெக்", கீழே "ஃபுட்". முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே எலும்பு முறிந்தவர் "ஐ ப்ரோக் மை ஹேண்ட்" என்று சொன்னால், கேட்பவர் உள்ளங்கைப் பகுதியைத்தான் பார்ப்பார். விரல்களிலும் இதே கதைதான்: கையில் இருப்பவை "ஃபிங்கர்", காலில் இருப்பவை "டோ", கையின் கட்டைவிரலுக்கு "தம்" என்று தனிப்பெயர், அதை "ஃபிங்கர்" என்று பொதுவாகச் சொல்வதில்லை. "லெக் ஃபிங்கர்" என்ற சொற்சேர்க்கை ஆங்கிலத்தில் இல்லவே இல்லை.

அதிகக் குழப்பம் தருவது இடுப்பு. நாம் "இடுப்பு வலி" என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதி வலியைத்தான். ஆங்கிலத்தில் அது "லோயர் பேக் பெய்ன்". "ஹிப்" என்று சொன்னால், தொடை எலும்பு பொருந்தும் பக்கவாட்டு மூட்டை மருத்துவர் நினைத்துக்கொண்டு, காலை மடக்கி நீட்டிப் பார்க்கத் தொடங்குவார். "வெய்ஸ்ட்" என்பது உடையைக் கட்டும் சுற்றளவு. வலிக்கு அந்தச் சொல் அரிதாகவே பொருந்தும். கழுத்தின் வெளிப்புறம் "நெக்", உட்புறம் "த்ரோட்" என்பதும், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு "ஷின்", பின்பக்கச் சதை "காஃப்" என்பதும் தெரிந்திருந்தால், "கால் வலி" என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்திருக்கும் பாதி விவரம் வெளியே வந்துவிடும். எழுத்தில் இருந்தும் ஒலிக்காத எழுத்துகள் இந்தப் பெயர்களில் நிறைய: "தம்", "லிம்" (கை அல்லது கால்), "நம்" (மரத்துப்போன) ஆகியவற்றின் கடைசியில் எழுதப்படும் "பி" ஒலிப்பதில்லை, "காஃப்" என்பதில் "எல்" ஒலிப்பதில்லை, முழங்காலைக் குறிக்கும் "நீ" என்பதன் தொடக்கத்தில் உள்ள "கே"யும் அப்படித்தான்.

எப்படிப் பட்டது: வினைதான் கதை சொல்கிறது

இயல்பான ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்துக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் மிகுதி. கால்விரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டதைச் சொல்ல அங்கே தனி வினையே இருக்கிறது: "ஐ ஸ்டப்ட் மை டோ". இந்த "ஸ்டப்" காயத்தைச் சொல்லும்போது கால்விரலுக்கே உரியது. தலைக்கோ முழங்கைக்கோ பயன்படாது. தலையை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் "ஐ ஹிட் மை ஹெட் ஆன் த டோர்ஃப்ரேம்" அல்லது "ஐ பம்ப்ட் மை ஹெட்". பலமாக இடித்திருந்தால் "ஐ பாங்க்ட் மை ஹெட்". இடித்த பொருளுக்கு முன் "ஆன்" வருவதைக் கவனியுங்கள், "வித்" வராது.

கதவிடுக்கில் விரல் சிக்கினால் "ஐ காட் மை ஃபிங்கர் காட் இன் த டோர்" என்றும், பிரித்தானிய வழக்கில் "ஐ ட்ராப்ட் மை ஃபிங்கர் இன் த டோர்" என்றும் சொல்வார்கள். முதல் வாக்கியத்தில் "காட்" இருமுறை வருவதாகத் தமிழ் எழுத்தில் தெரிந்தாலும், அவை வெவ்வேறு சொற்கள்: முன்னது "கெட்" என்பதன் இறந்தகாலம், பின்னது "கேட்ச்" என்பதன் வடிவம், உயிரொலி சற்று நீளும். ஆணியை மிதித்தால் "ஐ ஸ்டெப்ட் ஆன் எ நெய்ல்"; ஊசி குத்தினால் "ஐ ப்ரிக்ட் மை ஃபிங்கர்"; சிராம்பு ஏறினால் "ஐ ஹேவ் எ ஸ்ப்ளின்ட்டர் இன் மை ஃபிங்கர்"; கண்ணில் தூசி விழுந்தால் "ஐ ஹேவ் சம்திங் இன் மை ஐ". இந்தக் கடைசி வாக்கியத்தில் தூசி என்ற சொல்லே வராது; என்ன விழுந்தது என்று தெரியாதபோது "சம்திங்" என்று விட்டுவிடுவதே வழக்கம்.

விழுவதிலும் வகைகள் உண்டு. வழுக்கினால் "ஸ்லிப்", தடுக்கினால் "ட்ரிப்". ஈரத்தரையில் வழுக்குகிறோம்: "ஐ ஸ்லிப்ட் ஆன் த வெட் ஃப்ளோர்". கல்லிலோ கம்பியிலோ தடுக்குகிறோம்: "ஐ ட்ரிப்ட் ஓவர் எ ஒயர்". ஒன்றின் மேலிருந்து விழுந்தால் "ஃபெல் ஆஃப்": மிதிவண்டி, ஏணி, நாற்காலி. ஒன்றினுள்ளிருந்து அல்லது அதன் சூழலிலிருந்து விழுந்தால் "ஃபெல் அவுட் ஆஃப்": சன்னல், மரம். மரத்தின் கிளைகளுக்குள் இருந்ததாகக் கருதுவதே மரத்துக்கு இது வரக் காரணம். நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தால் "ஃபெல் ஓவர்" அல்லது "ஃபெல் டௌன்". "ஐ ஃபெல் டௌன் த ஸ்டேர்ஸ்" என்றால் படிகளில் உருண்டு கீழே வந்தேன் என்று பொருள். ஒரு படியில் சற்றே கால் தவறியதற்கு அதைச் சொல்லிவிட்டால் வீட்டார் பதறுவார்கள். வண்டியிலிருந்து விழுந்ததை "ஃபெல் டௌன் ஃப்ரம் த பைக்" என்று சொல்வதை விட்டுவிட்டு "ஃபெல் ஆஃப் த பைக்" என்று பழகுவது நல்லது. "மெட் வித் அன் ஆக்சிடென்ட்" என்பதும் நம் செய்தித்தாள்களில் வேரூன்றிய தொடர். உலகின் பிற பகுதிகளில் பேச்சில் இயல்பாக வருவது "ஹி வாஸ் இன் அன் ஆக்சிடென்ட்" அல்லது "ஹி ஹேட் அன் ஆக்சிடென்ட்".

என்ன ஆயிற்று: காயத்தின் பெயர்

தோல் உரசிச் சிராய்த்தால் பிரித்தானிய வழக்கில் "க்ரேஸ்", அமெரிக்க வழக்கில் "ஸ்க்ரேப்": "ஐ க்ரேஸ்ட் மை நீ", "ஐ ஸ்க்ரேப்ட் மை நீ". நகக்கீறல், முட்கீறல் போன்றவை "ஸ்க்ராட்ச்". தோல் கிழியாமல் கன்றிப்போய் நீலமோ கருஞ்சிவப்போ பாரித்தால் "ப்ரூஸ்". எழுத்தைப் பார்த்து "ப்ருயிஸ்" என்று ஒலிப்பவர்கள் பலர். கண்ணைச் சுற்றி அப்படிக் கன்றினால் "எ ப்ளாக் ஐ". தலையில் புடைத்துக்கொண்டால் "எ பம்ப் ஆன் மை ஹெட்" அல்லது "எ லம்ப்". நெருப்பும் சூடான பாத்திரமும் சுட்டால் "பர்ன்". கொதிநீரோ நீராவியோ பட்டால் அதற்குத் தனிச்சொல் "ஸ்கால்ட்". பேச்சில் இரண்டுக்கும் "பர்ன்" என்று சொல்வோர் உண்டு, அதில் தவறில்லை.

மருத்துவ முறையில் பிரித்தறிய வேண்டிய இணை ஒன்று உண்டு: "ஸ்ப்ரெய்ன்", "ஸ்ட்ரெய்ன்". எலும்போடு எலும்பை இணைக்கும் நாரான லிகமெண்ட் இழுபட்டோ கிழிந்தோ போவது "ஸ்ப்ரெய்ன்". அது மூட்டுகளில் நேர்வது, குறிப்பாகக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும். தசையோ, தசையை எலும்போடு இணைக்கும் நாரோ இழுபடுவது "ஸ்ட்ரெய்ன்". முதுகிலும் தொடையின் பின்பக்கத்திலும் அது மிகுதி. தமிழில் இரண்டும் சுளுக்குக்குள் அடங்கிவிடுவதால் நாம் குழம்புகிறோம். பேச்சில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு: மூட்டு மடங்கியிருந்தால் "ஐ ட்விஸ்டெட் மை ஆங்க்கிள்" என்றும், தசை பிடித்து இழுத்திருந்தால் "ஐ புல்ட் எ மஸ்ஸில்" என்றும் சொல்லிவிடுங்கள். எது ஸ்ப்ரெய்ன், எது ஸ்ட்ரெய்ன் என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

"ஃப்ராக்சர்" என்றால் விரிசல் மட்டும், "ப்ரேக்" என்றால் முழு முறிவு என்றொரு நம்பிக்கை நம்மிடையே மட்டுமன்றி ஆங்கிலம் பேசுவோரிடையேயும் உண்டு. மருத்துவத்தில் இரண்டும் ஒன்றே. மெல்லிய விரிசலும் ஃப்ராக்சர்தான். அதைத் தனியே குறிக்க "ஹேர்லைன் ஃப்ராக்சர்" என்பார்கள். பேச்சில் "ஐ ப்ரோக் மை ரிஸ்ட்" என்பதே இயல்பு. "மை ரிஸ்ட் காட் ஃப்ராக்சர்ட்" என்பது மருத்துவமனைச் சீட்டை வாசிப்பதைப் போன்றது. மூட்டு நழுவினால் "ஐ டிஸ்லொகேட்டட் மை ஷோல்டர்". லிகமெண்ட் கிழிந்தால் "ஐ டோர் எ லிகமெண்ட்". தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் "கன்கஷன்": அமெரிக்கர்கள் "எ கன்கஷன்" என்று எண்ணிச் சொல்வார்கள், பிரித்தானியர்கள் பலரும் "எ" இல்லாமலே சொல்வார்கள்.

சிகிச்சைக்கான சொற்களும் இதே அமைப்பில் வருகின்றன. தையல் போட்டதை "தே புட் ஸ்டிட்ச்சஸ்" என்று நேராக மொழிபெயர்க்காமல் "ஐ ஹேட் டு ஹேவ் ஸிக்ஸ் ஸ்டிட்ச்சஸ்" அல்லது "ஐ நீடட் ஸ்டிட்ச்சஸ்" என்று சொல்லுங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தால் "மை ஆர்ம் இஸ் இன் எ காஸ்ட்". பிரித்தானியர் "இன் ப்ளாஸ்ட்டர்" என்றும் சொல்வர். கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டிருந்தால் "இன் எ ஸ்லிங்". ஊன்றுகோல்களுடன் நடந்தால் "ஐ அம் ஆன் க்ரட்ச்சஸ்". நொண்டி நடப்பதை "ஐ அம் வாக்கிங் வித் எ லிம்ப்" என்பர். காலை ஊன்றவே முடியவில்லை என்பதற்கு "ஐ காண்ட் புட் எனி வெய்ட் ஆன் இட்" என்ற வாக்கியம் மிகப் பயனுள்ளது. ஊன்ற முடிகிறதா இல்லையா என்பது எலும்பு முறிவை ஐயுறுவதற்கு மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில் ஒன்று.

வலியின் தன்மை

குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு என்று தமிழில் வலிக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை. மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்ஸாக் 1975இல் வெளியிட்ட வலி வினாத்தாளில், நோயாளிகள் தேர்ந்தெடுப்பதற்காக 78 வலிச்சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவே அன்றாடத்துக்குப் போதும். விண்விண்ணென்று தெறிப்பது "த்ராபிங்"; சுருக்கென்று கூர்மையாக வலிப்பது "ஷார்ப்"; கத்தியால் குத்துவதைப் போன்றது "ஸ்டாபிங்"; ஓரிடத்தில் தொடங்கி மின்னலாக ஓடுவது "ஷூட்டிங்"; மந்தமாக விடாமல் உளைவது "எ டல் ஏக்"; எரிவது "பர்னிங்"; புண்ணில் மருந்து பட்டுக் காந்துவது "ஸ்டிங்கிங்". தொட்டால் மட்டும் வலித்தால் "இட் இஸ் டெண்டர்" என்று சொல்ல வேண்டும். இறைச்சி மென்மையாக இருப்பதற்கும் இதே சொல்தான் என்பதால் நாம் தயங்குகிறோம், தயங்க வேண்டியதில்லை.

உடற்பயிற்சிக்கு மறுநாள் உடலெங்கும் வலிப்பது "ஸோர்": "மை லெக்ஸ் ஆர் ஸோர்". கழுத்துப் பிடித்துக்கொண்டால் "ஐ ஹேவ் எ ஸ்டிஃப் நெக்". கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டால் "ஐ ஹேவ் எ க்ராம்ப் இன் மை காஃப்". உணர்வே இல்லாமல் மரத்துப்போனால் "இட் இஸ் நம்". நெடுநேரம் மடக்கி உட்கார்ந்ததால் மரத்த காலுக்கு "மை ஃபுட் ஹேஸ் கான் டு ஸ்லீப்" என்றும், பிறகு வரும் ஊசி குத்தும் உணர்வுக்குப் "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்" என்றும் பெயர். "ஏக்" சேர்ந்து ஒரே சொல்லாக வருபவை சிலவே: ஹெட்ஏக், டூத்ஏக், ஸ்டமக்ஏக், பேக்ஏக், இயர்ஏக். இவற்றின் போக்கில் "லெக்ஏக்", "நீஏக்" என்று புதிதாக உண்டாக்க முடியாது.

எவ்வளவு நாளாக வலிக்கிறது என்பதைச் சொல்லும்போது தமிழின் நிகழ்காலம் நம்மைத் தவறாக இழுத்துச் செல்கிறது. "மூன்று நாளாக வலிக்கிறது" என்பது "இட் இஸ் ஹர்ட்டிங் சின்ஸ் த்ரீ டேஸ்" ஆகாது. "இட் ஹேஸ் பீன் ஹர்ட்டிங் ஃபார் த்ரீ டேஸ்" என்பதே சரி. கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய நாளுக்கு "சின்ஸ்": "சின்ஸ் மண்டே". அதேபோல, இப்போதும் கட்டோடு இருப்பவர் "ஐ ஹேவ் ப்ரோக்கன் மை ஆர்ம்" என்று சொல்லலாம். பத்து வயதில் நடந்ததைச் சொல்பவர் "ஐ ப்ரோக் மை ஆர்ம் வென் ஐ வாஸ் டென்" என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேச்சில் இன்று நடந்ததற்கும் "ஐ ப்ரோக்" என்று சொல்வதுண்டு. "ஹர்ட்", "கட்", "ஹிட்" ஆகிய மூன்றும் இறந்தகாலத்திலும் உருமாறுவதில்லை. "ஹர்ட்டட்" என்ற வடிவம் இல்லை.

அவசரத்தில்

உதவிக்கு அழைக்கும்போது நீண்ட வாக்கியம் தேவையில்லை; மூச்சு, நினைவு, ரத்தம் என்ற மூன்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும். "ஹி இஸ் நாட் ப்ரீதிங்." "ஷி இஸ் அன்கான்ஷியஸ்." "ஹி இஸ் ப்ளீடிங் ஹெவிலி." "ரத்தம் வருகிறது" என்பதை "ப்ளட் இஸ் கமிங்" என்று சொல்லாமல் "இட் இஸ் ப்ளீடிங்" என்று சொல்லுங்கள், நிற்கவே இல்லை என்றால் "இட் வோண்ட் ஸ்டாப் ப்ளீடிங்". மயங்கி விழுந்ததைச் சொல்ல "ஹி பாஸ்ட் அவுட்" அல்லது "ஹி ஃபெய்ன்டட்". இந்த இடத்தில் ஒரு சிறு சொல்லை மாற்றிவிடுவது பெரிய விபரீதம்: "ஹி பாஸ்ட் அவே" என்றால் இறந்துவிட்டார் என்று பொருள். தலைசுற்றலுக்கு "ஐ ஃபீல் டிஸ்ஸி". தலை உண்மையில் சுழல்வதாகச் சொல்லும் "மை ஹெட் இஸ் ரொட்டேட்டிங்" வேண்டாம்.

ஆறுவதும் எழுதுவதும்

புண்ணும் எலும்பும் "ஹீல்" ஆகும். ஆள் "ரெக்கவர்" ஆவார். "க்யூர்" என்பது நோய்க்கு உரியது, வெட்டுக்காயத்துக்குப் பொருந்தாது. "த கட் ஹேஸ் ஹீல்ட்", "ஷி இஸ் ரெக்கவரிங் ஃப்ரம் த ஆக்சிடென்ட்". இடையில் சீழ் வைத்துவிட்டால் "த கட் காட் இன்ஃபெக்டட்". காய்ந்து பொருக்குத் தட்டினால் "ஸ்காப்". ஆறிய பின் நிற்கும் தழும்பு "ஸ்கார்". கடைசி இரண்டும் ஓரெழுத்தில் வேறுபடுவதால் எழுதும்போது கவனம் வேண்டும்.

காப்பீட்டுப் படிவம், அலுவலக விபத்து அறிக்கை போன்றவற்றில் பேச்சுநடை பொருந்தாது. அங்கே "ஐ ஹர்ட் மை பேக்" என்பதற்குப் பதில் "ஐ சஸ்டெய்ன்ட் அன் இஞ்சரி டு மை லோயர் பேக்" என்று எழுதலாம். காயத்தின் பெயருக்கும் உறுப்புக்கும் இடையே "டு" வருவதை மறக்க வேண்டாம், "இஞ்சரி இன்" என்றோ "இஞ்சரி அட்" என்றோ எழுதுவதில்லை. "சஃபர்ட்" என்பதும் இதே இடத்தில் வரும்: "ஹி சஃபர்ட் எ ஃப்ராக்சர் டு ஹிஸ் லெஃப்ட் ரிஸ்ட்". இடமா வலமா என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். காயம் சிறிதானால் "மைனர்", பெரிதானால் "சீரியஸ்" அல்லது "சிவியர்" என்று எழுதலாம். "நாஸ்டி கட்" போன்ற பேச்சு அடைமொழிகளைத் தவிர்த்து, அவற்றின் இடத்தில் அளவை எழுதுவது மேல்: "எ கட் அபௌட் த்ரீ சென்டிமீட்டர்ஸ் லாங் ஆன் த ரைட் ஃபோர்ஆர்ம்". என்ன செய்துகொண்டிருந்தபோது நடந்தது என்பதற்குத் தொடர்வினையும், நடந்த நிகழ்ச்சிக்கு எளிய இறந்தகாலமும் போதும்: "ஐ வாஸ் கேரியிங் எ பாக்ஸ் வென் ஐ ஸ்லிப்ட் அண்ட் லாண்டட் ஆன் மை லெஃப்ட் எல்போ".